கிளிநொச்சியிலிருந்து ரொறன்ரோ: தூரத்தையும் பறப்பு நேரத்தையும் நீங்களே கணக்கிடும் முறை

"தம்பி, கனடா எத்தனை மணித்தியாலம்?"

கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஒரு ரிக்கெற் கடையில் வேலை செய்த காலத்தில் நான் ஆகக் கூடுதலாகக் கேட்ட கேள்வி இது. போனில் தட்டிப் பார்த்தால் 14,000 கிலோமீற்றர், 17 மணித்தியாலம் என்று வரும். அந்த 17ஐ நம்பித்தான் ஆக்கள் விமான நிலையத்துக்குப் போகிற வான் வாகனத்துக்குச் சொல்வார்கள், அம்மாவுக்கு மருந்து எடுத்து வைப்பார்கள், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிற மகனை லீவு போடச் சொல்வார்கள். பிறகு எல்லாம் பிழைக்கும்.

17 என்ற எண் பொய்யில்லை. அப்படியொரு விமானம்தான் இல்லை. கொழும்புக்குக் கிட்ட உள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடியாகப் போகும் விமானம் கிடையாது. வாசலில் செருப்பைப் போட்டதிலிருந்து அங்கே மகன் பெட்டியை வாங்கும் வரை எவ்வளவு என்பதை நீங்களேதான் கூட்டிப் பார்க்க வேண்டும். கீழே உள்ள வரிசையைக் குழப்பாதீர்கள். ஒவ்வொரு படியிலும் வரும் எண் அடுத்த படிக்குத் தேவை. புதிதாகப் போகிறவர்கள் பலர் கடைசியில் பார்க்க வேண்டிய வான் வாகனக் கணக்கில்தான் தொடங்குகிறார்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

காசு கட்ட முன்னம் கடைக்காரர் தரும் பயண விபரத் தாள், ஒரு கலண்டர், ஒரு கொப்பி. வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் பூகோள உருண்டை ஒன்றும் கிடைக்கும். அது மிக உதவி. தாள் இல்லாமல் "ராவைக்குப் பிளேன், அடுத்த நாள் பின்னேரம் இறங்கும்" என்று வாயால் சொல்வதை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம். எந்த ஊர் ராவு, எந்த ஊர் பின்னேரம் என்பது அதில் இல்லை.

2. ஊர் பெயரை விட்டு, விமான நிலையக் குறியீட்டைப் பாருங்கள்

தாளில் மூன்று எழுத்துக் குறியீடு இருக்கும். கட்டுநாயக்கா என்றால் சி.எம்.பி. ரொறன்ரோ பியர்சன் என்றால் வை.வை.இசட். ரொறன்ரோவில் வாவியோரத்தில் இன்னொரு சிறிய விமான நிலையமும் உண்டு. அதன் குறியீடு வை.டி.இசட்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஊர் பெயர் ஏமாற்றும். லண்டன் என்றால் ஹீத்ரோவா, கட்விக்கா, ஸ்ரான்ஸ்டெட்டா? கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் ஒரு லண்டன் இருக்கிறது, அங்கேயும் விமான நிலையம் இருக்கிறது. பாரிஸ் பேரில் விற்கப்படும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. நடுவில் இறங்குகிற ஊரிலும் இதைப் பாருங்கள். வந்து இறங்கும் குறியீடும் மறுபடி ஏறும் குறியீடும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் நடுவழியில் ஊருக்குள் போய் விமான நிலையம் மாற வேண்டும், அதற்கு விசாவும் தேவைப்படலாம். அந்த ரிக்கெற்றை விட்டுவிடுங்கள்.

3. தூரத்தை உருண்டையில் அளவுங்கள், சுவர்ப்படத்தில் வேண்டாம்

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு அடிமட்டம் வைத்துக் கோடு போட்டால் அது அரபு நாடுகள், ஆபிரிக்கா, அத்திலாந்திக் சமுத்திரம் என்று போகும். அந்தக் கோட்டில் உண்மையாகவே பறந்தால் 16,000 கிலோமீற்றருக்கு மேல் வரும்.

இப்போது உருண்டையில் நூலைப் பிடித்து இறுக்குங்கள். நூல் இந்தியாவுக்கு மேலால் வடக்கே ஏறி ஆப்கானிஸ்தான், கஸகஸ்தான், ரஷ்யா, நோர்வேயின் வடக்கு, கிரீன்லாந்து என்று வளைந்து கனடாவுக்குள் இறங்கும். காரணம் எளிது. கட்டுநாயக்கா கிரீன்விச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 பாகையில் இருக்கிறது, பியர்சன் மேற்கே ஏறத்தாழ 80 பாகையில். இரண்டும் பூமியின் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கங்கள். தோடம்பழத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிற எறும்புக்கு, இடுப்பைச் சுற்றுவதிலும் பார்க்கக் காம்புப் பக்கத்தால் ஏறி இறங்குவது கிட்ட.

30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டையின் சுற்றளவு 94 சென்ரிமீற்றர். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர். ஆகவே நூலின் ஒரு சென்ரிமீற்றர் 425 கிலோமீற்றர். ரொறன்ரோவுக்கு நூல் 33 சென்ரிமீற்றர் வரும். பெருக்கிப் பாருங்கள், 14,000 வந்துவிடும்.

உயர்தரத்தில் கணிதம் படிக்கிற பிள்ளை இருந்தால் நூல் தேவையில்லை. இரண்டு இடங்களின் அகலக்கோடுகள் வடக்கு 7.18, வடக்கு 43.68. நெடுங்கோட்டு வித்தியாசம் 159.5 பாகை. அகலக்கோடுகளின் சைன் இரண்டையும் பெருக்க வேண்டும். அவற்றின் கோசைன்களை நெடுங்கோட்டு வித்தியாசத்தின் கோசைனோடு பெருக்க வேண்டும். இரண்டு விடைகளையும் கூட்டினால் −0.586 வரும். அந்தக் கோசைனுக்குரிய கோணம் 125.9 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீற்றர். விடை அதே 14,000. கல்குலேற்றர் பாகையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒருநாள் ஒரு பிள்ளை ரேடியனில் வைத்துத் தட்டி, ரொறன்ரோவை இந்து சமுத்திரத்துக்குள் இறக்கிவிட்டது.

இங்கே இரண்டு பிழைகள் அடிக்கடி வரும். ஒன்று அலகு: 8,700 என்று வந்தால் அது மைல், 7,550 என்று வந்தால் அது கடல்மைல். மூன்றும் ஒரே தூரம்தான். மற்றது, 20,000 கிலோமீற்றருக்கு மேல் ஏதாவது எண் வந்தால் அது பிழை. பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே அதைவிடக் கூடுதலான நேர்த்தூரம் இல்லை.

4. ஏறும் விமானம் ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தூரம் எடுங்கள்

நேரடி விமானம் இல்லை என்பதால் 14,000 என்பது ஒப்பிடுவதற்கு மட்டும். டுபாய் வழியாகப் போனால் கட்டுநாயக்கா–டுபாய் 3,290, டுபாய்–ரொறன்ரோ 11,080, கூட்டினால் 14,370. டோகா வழியென்றால் 3,610, 10,880, மொத்தம் 14,490. நேர்க்கோட்டிலிருந்து 400, 500 கிலோமீற்றர்தான் விலகுகிறது. பறக்கும் நேரத்தில் அது அரை மணித்தியாலம். "வழி சுத்துது" என்று இந்த இரண்டுக்கும் நடுவில் சண்டை பிடிப்பதில் பிரயோசனமில்லை. உங்கள் நேரத்தைத் தின்னப்போவது நடுவில் காத்திருக்கிற நேரம்தான்.

5. தூரத்தை நேரமாக மாற்றுங்கள்

பெரிய விமானங்கள் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீற்றர் வேகத்தில் போகும். அந்த 900ஆல் நேரே வகுத்தால் விடை குறைந்து வரும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இல்லை, வளைவுகள் உண்டு, ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் ரிக்கெற்றில் சேர்ந்தே இருக்கிறது. நான் பாவிக்கும் முறை: கிலோமீற்றரை 850ஆல் வகுத்து அரை மணித்தியாலம் கூட்டுவது.

டுபாய்க்கு 3,290ஐ வகுத்தால் 3.9, அரையைக் கூட்ட 4.4, அதாவது நாலு மணி இருபத்தைந்து நிமிசம். டுபாய்–ரொறன்ரோ 11,080ஐ வகுத்தால் 13, அரையோடு பதின்மூன்றரை. லண்டன் ஹீத்ரோவுக்கு நேரே 8,700. பத்தே முக்கால் வரும். ரிக்கெற்றில் பதினொன்றைச் சுற்றி இருக்கும். அவ்வளவு வித்தியாசம் பரவாயில்லை.

அந்த அரை மணித்தியாலத்தை விடாதீர்கள். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு 360 கிலோமீற்றர்கூட இல்லை. அந்தத் தடத்தில் ஓடும் காற்றாடி வைத்த சின்ன விமானத்தின் வேகம் 500ஐச் சுற்றி. வகுத்தால் முக்கால் மணித்தியாலம்கூட வராது, ஆனால் பயண நேரம் ஒன்றே காலுக்குக் கிட்ட. தூரம் குறையக் குறைய ஏறி இறங்கும் நேரத்தின் பங்கு கூடும்.

6. போகும்போது கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள்

"போகேக்க பதினாலு, வரேக்க பன்னிரண்டரை எண்டு போட்டிருக்கு. எது பிழை?" இரண்டும் சரி. ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில், வடக்குப் பக்க நாடுகளுக்கு மேலால், மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று ஓடுகிறது. மாரிகாலத்தில் அது மணிக்கு 150 கிலோமீற்றரையும் தாண்டும். கனடா போகும்போது அது முகத்தில் அடிக்கிறது, வரும்போது முதுகில் தள்ளுகிறது. பரந்தனிலிருந்து பூநகரிப் பக்கம் சோளகக் காற்றில் சைக்கிள் உழக்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நீண்ட விமானத்துக்கு மட்டும் மேற்கே போகையில் அரை மணித்தியாலம் கூட்டுங்கள், கிழக்கே வருகையில் முக்கால் மணித்தியாலம் கழியுங்கள். டுபாய்க்கும் இங்கேக்கும் நடுவில் பத்து, இருபது நிமிசம்தான் மாறும்.

கணக்கைவிட இரண்டு மூன்று மணித்தியாலம் கூடுதலாக ரிக்கெற்றில் இருந்தால், அந்த விமானம் ஏதோ வான்பரப்பைச் சுற்றிப் போகிறது. 2022இலிருந்து ரஷ்ய வான்பரப்பு ஐரோப்பிய, கனேடிய விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. ஒன்பதரை மணித்தியாலமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் அதனால் பதின்மூன்று வரை போனது.

7. மணிக்கூட்டு நேரத்தைக் கடைசியில்தான் தொடுங்கள்

முக்கால்வாசிப் பேர் விழுவது இங்கேதான். ரிக்கெற்றில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம். ஏறும் நேரத்தை இறங்கும் நேரத்திலிருந்து நேரே கழித்தால் பறப்பு நேரம் வராது.

டுபாய் எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால். ரொறன்ரோ குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை பின்னால். மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு ரொறன்ரோவில் மணிக்கூட்டை முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். லண்டன் கோடையில் நாலரை, குளிரில் ஐந்தரை. ஆனால் அங்கே மாற்றும் நாள் மார்ச், ஒக்ரோபர் கடைசி ஞாயிறுகள். இலங்கை, இந்தியா, டுபாய், கட்டார் மாற்றுவதில்லை. ஒன்றும் ஒன்பதும் நினைவிருக்க, அந்த "அரை"யை மறப்பதுதான் வழமையான பிழை. ஓமந்தையில் சோதனைச் சாவடி இருந்த நாளில், தாண்டும்போது மணிக்கூட்டை அரை மணித்தியாலம் திருப்பிய ஆக்கள் நாங்கள்; 2006 ஏப்ரல் வரை அங்காலை அரசாங்கப் பக்கம் ஒரு நேரம், இஞ்சாலை புலிகளின் பக்கம் ஒரு நேரம். எங்களுக்கு அரை மறக்கக் கூடாது.

ஒரு மாதிரிக் கணக்கு. ஜனவரி 14, கட்டுநாயக்காவில் 02:55க்கு ஏறி டுபாயில் 05:55க்கு இறங்குகிறீர்கள். தாளில் மூன்று மணித்தியாலம். ஒன்றரையைக் கூட்ட நாலரை. டுபாயில் 09:00க்கு ஏறி அதே நாள் 14:00க்கு ரொறன்ரோ. தாளில் ஐந்து, குளிர்காலத்தில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் ஒன்பது, கூட்டினால் பதினாலு. உங்கள் கணக்கிலும் பதின்மூன்றரையோடு காற்றுக்கு அரை, பதினாலு. இரண்டும் பொருந்தினால் தாள் சரி. பொருந்தாவிட்டால் திகதியையும் குறியீட்டையும் திரும்பப் பாருங்கள், பிறகு கடைக்காரரிடம் கேளுங்கள்.

இனி கூட்டுங்கள். நாலரை, டுபாயில் காத்திருப்பு மூன்று மணி ஐந்து நிமிசம், பதினாலு. மொத்தம் இருபத்தொரு மணி முப்பத்தைந்து நிமிசம். ரொறன்ரோவில் பின்னேரம் இரண்டு மணிக்கு அம்மா இறங்கும்போது கிளிநொச்சியில் நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை ஆகியிருக்கும், பொங்கல் விடியப்போகிறது. சீனி வருத்தத்துக்கு ஊசி போடுபவர்கள் இந்த மொத்த மணித்தியாலத்தைத்தான் டொக்டரிடம் சொல்ல வேண்டும், மணிக்கூட்டு நேரத்தை அல்ல. மணிக்கூட்டில் அது பதினொரு மணித்தியாலம்போலத் தெரியும்.

8. நடுவில் தங்கும் நேரம்

ஒன்றரை மணித்தியாலத்துக்குக் குறைந்தால் வயது போனவர்களுக்கு வேண்டாம். வாசல் கண்டுபிடிக்க, திரும்பச் சோதனைக்கு நிற்க, மலசலகூடம் போக அது காணாது. இரண்டரையிலிருந்து ஐந்து வரை நல்லது. எட்டுக்கு மேல் போனால் காசு மிச்சமானாலும் கால் வீங்கும்.

இரண்டு விமானமும் ஒரே ரிக்கெற்றில் இருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனி என்றால், முதல் விமானம் பிந்தி இரண்டாவது போய்விட்டால் பொறுப்பெடுக்க ஒருவரும் இல்லை. பெட்டியையும் நடுவில் நீங்களே எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டி வரும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசா கேட்பார்கள். ஐரோப்பிய விமான நிலையங்கள் பலவற்றில் வெளியே போகாமல் விமானம் மாறுவதற்கே இலங்கைப் பாஸ்போட்டுக்கு விசா தேவை. செல்லுபடியான கனேடிய விசா இருந்தால் விலக்கு உண்டு என்றாலும், விமானக் கம்பனியிடம் கேட்டுவிட்டே காசு கட்டுங்கள்.

9. இப்போதுதான் வான்

ஓர் அம்மாவின் விமானம் 9ஆம் திகதி 01:15க்கு. குடும்பம் 9ஆம் திகதி மத்தியானம் சாப்பிட்டு, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்து, இரவு கட்டுநாயக்கா போய்ச் சேர்ந்தது. விமானம் போய் இருபது மணித்தியாலத்துக்கு மேல். 9ஆம் திகதி ஒன்றேகால் என்றால் 8ஆம் திகதி ராவு என்று நாங்கள் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் தாளின் மேல் சிவப்புப் பேனையால் "வீட்டை விட்டு வெளிக்கிடும் நாள்" என்று தனியாக எழுதிக் கொடுக்கிறேன். நீங்களும் எழுதுங்கள், பிளேன் நாளை எழுத வேண்டாம்.

பின்னோக்கிக் கழிப்பதுதான் முறை. 14ஆம் திகதி 02:55இலிருந்து மூன்று மணித்தியாலம் கழியுங்கள்: 13ஆம் திகதி இரவு 11:55க்கு அங்கே நிற்க வேண்டும். ஏறுவதற்கு ஒரு மணித்தியாலம் இருக்கையில் கவுண்டரைப் பொதுவாக மூடிவிடுவார்கள். வீதிக்கு ஏழு மணித்தியாலம் கழியுங்கள்: 4:55. தடங்கலுக்கு ஒன்றரை: பின்னேரம் 3:25. ஆகவே 13ஆம் திகதி மூன்றேகாலுக்கு வான் வாசலில் நிற்க வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்கா வானத்தால் 250 கிலோமீற்றர். வீதியால் மாங்குளம், வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று 300ஐச் சுற்றி. டுபாய்க்குப் பறப்பதைவிட இந்த 300க்குக் கூடுதல் நேரம் போகும் என்பதை ஒருவரும் முதலில் நம்புவதில்லை. முல்லைத்தீவுக்காரர் ஒட்டுசுட்டானால் மாங்குளம் வர இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூட்டுங்கள். மன்னார்க்காரர் மதவாச்சியில் வந்து சேர்வார்கள்.

ஒன்றரை மணித்தியாலத் தடங்கல் கூடுதல் என்று வான்காரர் சொல்வார். விட்டுக்கொடுக்காதீர்கள். மார்கழி மழையில் வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும். இருட்டினால் ஏ9 வீதியில் மாடுகள் படுத்திருக்கும். யானை நின்றால் அது போகும்வரை நீங்களும் நிற்க வேண்டும். முறிகண்டியில் பத்து நிமிசம் எப்படியும் போகும், அதையும் எழுதி வையுங்கள்.

10. திரும்பி வரும்போது கூட்டிவரும் வான்

பெப்ரவரி 20 இரவு 21:45க்கு அம்மா ரொறன்ரோவில் ஏறுகிறார் என்று வைப்போம். பன்னிரண்டே முக்கால் பறந்து, ஒன்பது கூட்டினால் டுபாயில் 21ஆம் திகதி 19:30. அங்கே 22:10க்கு ஏறி, நாலு மணி பத்து நிமிசம் பறந்து, ஒன்றரை கூட்டினால் கட்டுநாயக்காவில் 22ஆம் திகதி விடியப்புறம் 03:50. தாளில் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கூட்டல் அடையாளமும் 2உம் இருக்கும். ஏறிய திகதிக்கு இரண்டு நாள் கழித்து என்று அர்த்தம். இதைக் கவனிக்காத வான் ஒரு நாள் முந்திப் போய் நிற்கும், வாடகை உங்கள் தலையில்.

வான் 21ஆம் திகதி இரவு ஒன்பதுக்கு வெளிக்கிட்டால் போதும். நாலு மணிக்கு அங்கே நிற்கும். குடிவரவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்து அம்மா வெளியே வர ஐந்தாகும். சாரதி பகல் முழுக்க வேறு ஓட்டம் ஓடியிருந்தால் வேறு ஆளைக் கேளுங்கள். விடிய விடிய ஓடிப்போய், உடனே 300 கிலோமீற்றர் திரும்ப வேண்டும். சிலாபத்தில் நிறுத்தி ஒரு மணித்தியாலம் அவரைப் படுக்க விடுங்கள்.